குண்டக்காவின் குடித்தனக்காரர்கள்

கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்வாள். இடது உள்ளங்கையைக் குழித்து வலது முழங்கைக்கு அடியில் கொடுத்து, பஸ் படியில் ஏறத் தவிக்கிற குழந்தையைப் பின்னாலிருந்து தூக்கிவிடுவதுபோல ஒரு சின்ன உந்து உந்துவாள். கை பாதி உயரம் போனதும் நிறுத்துவாள். தலையைத் தோள் பக்கம் சற்றே சாய்த்துக் காது கொடுப்பாள். உள்ளே எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். "வந்துட்டாரு" என்பாள். அதன்பிறகு கை மீதித் தூரத்தைத் தானே ஏறிவிடும். கத்தரி ஒருமுறை வெறுங்காற்றை வெட்டிப் பார்த்துவிட்டு முடிக்குள் இறங்கும்.

புதிதாக வருகிற பெண்கள் இதைக் கண்ணாடியில் பார்த்து முழிப்பார்கள்.

"யாருக்கா வந்தது?"

"குடித்தனக்காரர். உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. மேல் வீட்டுக்காரர் சாது, இருக்கிற இடமே தெரியாது. கீழ் வீட்டுக்காரருக்குத்தான் ஒரு இடத்துல உட்கார முடியாது. அவர் ஒதுங்கி வழிவிட்டாதான் எனக்குக் கை ஏறும். நீ தலைய ஆட்டாத."

குடித்தனக்காரர்கள் என்று அவள் சொன்னது துப்பாக்கிக் குண்டுகளை. வலது தோளுக்குள் இரண்டு கிடந்தன. தெருவில் அவளுக்குக் குண்டக்கா என்று பேர் விழுந்தது அதனால்தான். மற்றபடி ஆள், குச்சிக்கு உடுப்பு மாட்டினதுபோல இருப்பாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அவள் புருஷன், "எடை தாங்கும் அளவுன்னு லிஃப்ட்ல ஒரு பலகை மாட்டுவோம் பாரு, உனக்கெல்லாம் அது தேவையே இல்ல" என்று சிரிப்பார்.

வீட்டின் முன்னறைதான் பார்லர். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் ரசம் போன ஒரு திட்டு. அந்தத் திட்டை மறைக்க ஒட்டிய ஷாம்பு விளம்பரத்துப் பெண் வருஷக்கணக்காக ஒரே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலோரம் நாத்தனாரின் இடம்: சாய்வு நாற்காலி, நூல்கண்டு, பவுடர் டப்பா. புருவம் திருத்துவதும் தலை அலசிவிடுவதும் அவள் வேலை. நடுவில் குண்டக்காவின் மர நாற்காலி. கை ஒரு உயரத்துக்கு மேல் ஏறாது என்பதால் அதன் கால்களை லிஃப்ட்காரர் அறுத்துக் குட்டையாக்கிவிட்டார். கை மேலே போகாவிட்டால் என்ன, தலை கீழே வரட்டும் என்பது அவருடைய தொழில் புத்தி.

"அண்ணி, இதுல உட்கார்ந்தா முடி வெட்டிக்க வந்த மாதிரியா இருக்கு? வகுப்புல தப்பு பண்ணி முட்டிபோட வச்ச மாதிரி இருக்கு" என்பாள் நாத்தனார்.

"குனிஞ்சு உட்கார்ந்தாதான் பிடரி நல்லா வரும். நீ போய் உன் நூலப் பாரு."

தன் கல்யாணம் சரிப்பட்டு வராமல், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நாத்தனார். கொஞ்ச நாள் முடியவே இல்லை. அண்ணியும் அதை நினைவுபடுத்தவே இல்லை. இரண்டு பேரும் ஒருநாள் வாய்ச்சண்டை போடாவிட்டால் பக்கத்து வீட்டில் எட்டிப்பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

குண்டு பட்ட கதையைக் குண்டக்கா சொல்லி யாரும் கேட்டதில்லை. நாத்தனார்தான் சொல்வாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி. கூட்டாமல் சொன்னால் இவ்வளவுதான். எதிர்ச்சாரியில் ஒரு நகைக்கடை இருந்தது. ஒரு காலை, ஷட்டர் ஏற்றிய கையோடு கொள்ளைக்காரர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். கூச்சல். இங்கே நாற்காலியில் ஒரு டீச்சர், ஒரு பக்கம் வெட்டியும் மறுபக்கம் கிளிப் மாட்டியுமாக. சத்தம் கேட்டதும் டீச்சர் போர்த்திய துணியோடு வேடிக்கை பார்க்க வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே ஓடிய குண்டக்கா, அப்போது வெறும் அக்கா, துணியின் முடிச்சைப் பிடித்து இழுத்து அவளைக் கீழே தள்ளினாள். டீச்சர் நின்ற இடத்தில் இப்போது இவள் நின்றாள். நகையோடு தப்பி ஓடிய கொள்ளைக்காரன் ஒருவன் திரும்பிப் பார்க்காமலே பின்பக்கமாக இரண்டு தடவை சுட்டான். கதவுக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது.

தரையில் உட்கார்ந்து, ரத்தம் தோளிலிருந்து கைவழியே இறங்கிக் கத்தரி நுனியில் சொட்டிக்கொண்டிருந்தபோது, அவள் நாத்தனாரிடம் சொன்ன முதல் பேச்சு இது: "டீச்சருக்கு இடப்பக்கம்தான் முடிஞ்சிருக்கு. வலப்பக்கத்த நீ சரிபண்ணி அனுப்பு. கோணலாப் போனா பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க சிரிக்கும்."

இந்த ஒன்றை மட்டும் நாத்தனார் கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை.

அன்று பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்திக் காயத்தைத் தைத்தார்கள். குண்டுகள் ஆழத்தில் இருக்கின்றன, நரம்பு தப்பித்துவிட்டது, தோண்டப்போனால் நல்ல சதையும் கெட்டுப்போகும் என்றார் அங்கிருந்த டாக்டர். "அது பாட்டுக்கு அது இருக்கும். நீங்க பாட்டுக்கு நீங்க இருங்க." அப்போதைக்கு அது சரியான யோசனைதான். குண்டக்காவும் அவள் பாட்டுக்கு இருந்தாள். கட்டுப் பிரித்ததும் கடையைத் திறந்தாள். வருஷங்கள் போயின. கீழ் வீட்டுக்காரர் மட்டும் அவர் பாட்டுக்கு இல்லாமல், அங்குலம் அங்குலமாக நகர்ந்து மூட்டுக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டார் என்பது யாருக்கும் தெரியாது. முதல்முறை 'டொக்' என்று சத்தம் வந்தபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

பிறகு அவளுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. சாப்பாடு இறங்கவில்லை. முகம் வெளுத்தது. மத்தியானத்தில் கூட்டமில்லாத நேரம் குட்டை நாற்காலியிலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். பகலில் அவள் கண்மூடி நாத்தனார் பார்த்ததே இல்லை. "வயசாகுது அண்ணி, ஒத்துக்கோங்க" என்று சீண்டினாள். பதிலுக்கு வாய் வரவில்லை. அதுதான் நாத்தனாருக்கு முதலில் பயத்தைக் கிளப்பியது.

ஒருநாள் ஒரு பெண்ணுக்கு நெற்றி முடியை நறுக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு, தண்ணீர் இல்லாத செடியின் தண்டுபோல மெல்லத் தொய்ந்தது. விரல் விரிந்தது. கத்தரி அந்தப் பெண்ணின் மடியில் விழுந்து, துணியைக் குத்திக்கொண்டு நின்றது. குண்டக்கா அதை எடுக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், யாரோ கடையில் மறந்துவைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல.

"நீ முடிச்சுக் கொடு" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தெருமுனைக் கிளினிக்கில் இருந்த பெண் டாக்டர் பொறுமைசாலி. ரத்தம் எடுத்தார், வயிற்றைத் தட்டினார், கையை மடக்கச் சொன்னார். "முன்னாடி ஏதாவது வியாதி இருந்துச்சா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார்கள். பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரின் புருவம் சுருங்கியது. "ரத்தத்துல ஈயம் கலந்திருக்கு. நிறையவே கலந்திருக்கு. எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். வீட்டுல, கடையில எல்லாத்தையும் பாருங்க."

ஈயம் என்றால் நாத்தனாருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பாத்திரத்துக்கு உள்ளே வெள்ளையாகப் பூசுவார்களே, அது. வீட்டுக்கு வந்தவள் இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். பூசிய பாத்திரம், பூசாத பாத்திரம், பூசினதாகச் சந்தேகம் வந்த பாத்திரம் எல்லாவற்றையும் மூட்டைகட்டி வாசலில் வைத்தாள். வேலையிலிருந்து வந்த லிஃப்ட்காரர் காலியாகக் கிடந்த அலமாரியைப் பார்த்தார்.

"இனிமே அடுப்புல எதை வைக்கிறது? உன் தலையையா?"

"அண்ணிய விட உனக்குப் பாத்திரம் பெருசாப் போச்சா அண்ணா?"

மறுநாள் லிஃப்ட்காரரே கடைக்குப் போய்ப் புதிதாக நாலு பாத்திரம் வாங்கிவந்தார். அடுத்து முடிச்சாயப் பெட்டிகள் போயின, சிலவற்றில் ஈயம் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால். அதன்பிறகு சுவர்ப் பெயின்ட்டைச் சுரண்டினார்கள். ஷாம்பு விளம்பரத்துப் பெண்கூடக் கிழிபட்டாள். வீடு முழுக்கத் தேடிய இரண்டு பேரும் தேடாத இடம் ஒன்றுதான். அது நடுவில் உட்கார்ந்து, "இங்க பாரு, அங்க பாரு" என்று இடது கையால் வழிகாட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி எடுத்த ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது.

அன்றைக்குக் கிளினிக் வராந்தாவில் தெருக்காரர்கள் சிலர் இருந்தார்கள். "என்ன குண்டக்கா, இப்படி ஆயிட்டீங்க?" "குண்டக்காவுக்கு இடம் விடுங்கப்பா" என்று பேச்சு திரைக்கு உள்ளேயும் கேட்டது. உள்ளே போய் உட்கார்ந்ததும், எழுதிக்கொண்டே டாக்டர் சின்னதாகச் சிரித்தார்.

"ஒண்ணு கேட்கலாமா? உங்கள எல்லாரும் குண்டக்கா குண்டக்கான்னு கூப்பிடுறாங்க. ஒல்லியா இருக்கிறவங்கள அப்படிக் கிண்டல் பண்றது வழக்கம்தான். உங்களுக்குக் கோபம் வராதா?"

"இருக்கிறதத்தான சொல்றாங்க, இதுல என்ன கோபம்?"

"இருக்கா? எங்க இருக்கு?" என்று டாக்டர் அவளுடைய ஒடிசலான உடம்பைப் பார்த்தார்.

"இதோ" என்று இடது கையால் தோளைத் தொட்டுக் காட்டினாள். "ரெண்டு."

"என்ன ரெண்டு?"

"குண்டுதான்" என்றாள் நாத்தனார், இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில். "துப்பாக்கிக் குண்டு. பழசு டாக்டர். அது பாட்டுக்கு இருக்கு."

பேனா நின்றது. டாக்டர் சட்டைக் கையை விலக்கச் சொல்லித் தழும்பைப் பார்த்தார். முழங்கையைப் பிடித்து மெல்லத் தூக்கினார். உள்ளிருந்து 'டொக்' என்று பதில் வந்தது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, வந்த முதல் நாளே கேட்டேனே!"

"வியாதி இருக்கான்னுதான கேட்டீங்க" என்றாள் குண்டக்கா, உண்மையான குழப்பத்தோடு. "குண்டு வியாதியா?"

டாக்டருக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. "பேர சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க, எனக்குத்தான் காது கேட்கல" என்று தன்னையே நொந்துகொண்டு, வேறொரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

அங்கிருந்த மூட்டு டாக்டர் நெட்டையான மனிதர். படங்களை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு, எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசினார். சதைக்குள் இருக்கிற குண்டை உடம்பு ஒரு உறை கட்டி ஒதுக்கி வைத்துவிடும். மேலே இருப்பது அப்படித்தான் இருக்கிறது. மூட்டுக்குள் கதை வேறு. அங்கே எண்ணெய் மாதிரி ஒரு திரவம் ஓடும். குண்டில் இருக்கிற ஈயம் அதில் கரையும். "நீங்க கைய தூக்குற ஒவ்வொரு தடவையும் அது அரைபடுது. அரைபட்டது ரத்தத்துல சேருது. அதான் மணிக்கட்டு நரம்பு துவண்டுபோச்சு. எடுத்துட்டா நரம்பு மெதுவாத் திரும்பிடும்னுதான் நினைக்கிறேன். எடுக்கலன்னா திரும்பாது."

அந்த 'டொக்' சத்தத்துக்கு நாத்தனார் எத்தனை நாள் சிரித்திருக்கிறாள்!

"எப்படி எடுப்பீங்க?" என்றார் லிஃப்ட்காரர்.

தோளில் சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் கேமரா, ஒன்றில் கொறடு விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். தசையை வெட்ட வேண்டாம். ஆனால் மூட்டுக்கு முன்பக்கம் பை மாதிரி ஒரு மடிப்பு இருக்கிறது. எடுக்கும்போது குண்டு நழுவி அதற்குள் போய்விட்டால் துளைவழி எட்டாது. தோளைத் திறக்கத்தான் வேண்டும். திறந்தால் முன்தசையை வெட்டித் தைக்க வேண்டும். "அப்புறம் கை பழைய உயரத்துக்கு ஏறும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். துளைவழியா கிழிஞ்ச தசைநார் நிறையத் தைச்சிருக்கேன். குண்டு எடுத்தது இல்ல. இதுதான் முதல்."

குண்டக்கா, படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்த இரண்டையும் பார்த்தாள். அந்த வலது கைதான் கத்தரி, அதுதான் கடை, அதுதான் தெருவில் அவளுக்கு இருந்த மரியாதை. டாக்டர் குனிந்து படத்தைக் கழற்றியபோது அவருடைய உச்சந்தலை அவள் கண்ணுக்கு நேராக வந்தது.

"சரி டாக்டர். நீங்களே பண்ணுங்க."

வெளியே வந்ததும் நாத்தனார் கையைப் பிடித்து நிறுத்தினாள். "முதல் தடவைங்கிறாரு, நீங்க பொசுக்குன்னு தலையாட்டிட்டீங்க!"

"ரெட்டைச் சுழி, பார்த்தியா? பிடிவாதக்காரரு. பாதியில விடமாட்டாரு. முடிய மட்டும் எவனோ கொத்திப்போட்டிருக்கான்" என்றாள் குண்டக்கா.

முதலில் ரத்தத்தில் இருந்த ஈயத்தை இறக்க மருந்து கொடுத்தார்கள். அந்த வாரங்களில் நாத்தனார்தான் கடை. வெட்டினாள். வாடிக்கைப் பெண்கள் கண்ணாடியில் பார்த்து, "பரவால்ல, வளர்ந்துடும்" என்றார்கள். அது பாராட்டு இல்லை என்று அவளுக்குத் தெரியும். குண்டக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "சீப்ப முடிக்கு மேல ஓட்டாத, கூடவே ஓட்டு" என்று சொல்லிக்கொடுத்தாள். சொல்லும்போது அவளது வலது கை மடியில் தானாக அசையப் பார்த்தது.

ஆபரேஷன் அன்று காலை மயக்க டாக்டர் வந்து, முழுசாகத் தூங்கவைக்கலாமா, கழுத்தில் ஊசி போட்டுத் தோளை மட்டும் மரக்கவைக்கலாமா என்று பேச்செடுத்தார்.

"தூங்க வேண்டாம் டாக்டர். என் கடையில கண்ண மூடிக்கிட்டு எவளும் தலையக் கொடுக்க மாட்டா. நானும் பார்க்கிறேன்."

"பயமா இருந்தா?"

"இருந்தா சொல்றேன்."

படுக்கவைக்காமல், சாய்வு நாற்காலி மாதிரி ஒன்றில் உட்காரவைத்துத்தான் செய்வார்கள் என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துணி போர்த்திக் கழுத்தில் செருகிய நர்ஸிடம், "தோளோட நிறுத்திக்கோங்க, முன்னாடி நெத்தியில கை வைக்காதீங்க" என்றாளாம். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் நாத்தனார். லிஃப்ட்காரரால் உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒவ்வொரு முறை வரும்போதும் காது கொடுத்துக் கேட்டார்.

"பேரிங் போயிருக்கு. யாரும் கவனிக்கல."

"அண்ணா, இப்ப அதுவா முக்கியம்?"

"வேற எதைக் கவனிக்கச் சொல்ற?" என்றார் அவர். நாத்தனார் எழுந்து போய் அவரோடு லிஃப்ட் முன்னால் நின்றுகொண்டாள். அது மேலே போவதையும் கீழே வருவதையும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு குடும்பத்துக்கு நல்ல சேதி வந்தது. இன்னொரு குடும்பத்தை உள்ளே கூப்பிட்டார்கள். இவர்களை யாரும் கூப்பிடவில்லை. சொன்ன நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தோளைத் திறந்துவிட்டார்கள் என்று நாத்தனார் மனசுக்குள் முடிவுகட்டினாள். இனிமேல் வாழ்நாள் முழுக்கத் தானே வெட்டுவதென்றும், கொத்தாமல் வெட்டக் கற்றுக்கொள்வதென்றும் சபதம் செய்தாள்.

மூட்டு டாக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றியதும் இரட்டைச் சுழி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது.

"திறக்கல. ரெண்டும் துளை வழியாவே வந்துடுச்சு. வாங்க, காட்டறேன்."

அவர் அறையில் கேமரா எடுத்த படம் ஓடியது. நாத்தனார் ரத்தமும் சதையுமாக இருக்கும் என்று நினைத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் வந்தது தண்ணீருக்கு அடியில் ஒரு ஊர். வெள்ளையாக, வழவழப்பாக ஒரு பெரிய உருண்டை. அதன் மேல் நகம் கீறினதுபோலக் கோடுகள். ஓரங்களில் பாசி மாதிரி நூல்நூலாக ஏதோ அசைந்தது. பாதிப் பாசி கறுத்திருந்தது. "அந்தக் கறுப்புதான் ஈயம். சுரண்டி எடுத்துட்டேன். கோடு போட்டதும் அதுதான்" என்றார் டாக்டர்.

மேல் வீட்டுக்காரர் முதலில் வந்தார். உறையைக் கிழித்ததும் மறுபேச்சில்லாமல் வெளியேறிவிட்டார். சாதுதான். பிறகு கீழ் வீட்டுக்காரர். இவ்வளவு வருஷம் கேட்டுமட்டுமே பழகிய ஆளை நாத்தனார் அப்போதுதான் பார்த்தாள். குண்டுபோலவே இல்லை. சப்பி எறிந்த மிட்டாய்போல ஓரமெல்லாம் கரைந்து, ஒரு பக்கம் பளபளத்தது. கொறடு வந்து கவ்வியது. நழுவியது. குண்டு அவசரமே இல்லாமல் உருண்டு, திரையின் ஓரத்து இருட்டை நோக்கிப் போனது.

"ஐயோ" என்றார் லிஃப்ட்காரர், முடிந்துபோன விஷயம் என்பதை மறந்து.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் டாக்டர். "அதுதான் அந்தப் பை. உள்ள விடுற தண்ணியே அதைத் தள்ளுதுன்னு தண்ணிய நிறுத்தச் சொன்னேன். வெளியே பின்பக்கத்துலேர்ந்து ஒரு ஊசியக் குத்தி, அதுக்கு முன்னாடி வேலி மாதிரி நிறுத்தினேன். பின்பக்கத் துளையப் பெருசாக்கி, பெரிய கொறடு விட்டேன். கொஞ்சம் ஆடியிருந்தாலும் உள்ள போயிருக்கும்."

திரையில் ஊசி, குண்டு, இருட்டு. மூன்றும் அப்படியே வெகுநேரம் நின்றன. பிறகு கொறடு, குழந்தையின் வாயிலிருந்து எதையோ பிடுங்குவதுபோல, மெதுவாக அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று.

பார்க்கப் போனபோது குண்டக்கா கழுத்தில் மாட்டிய கைத்தொட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். முகம் காகிதம். உதடு மட்டும் சிரித்தது. "குடித்தனக்காரங்க எங்க?" என்றாள்.

"போலீஸ்ல கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. அதுதான் சட்டமாம்" என்றாள் நாத்தனார்.

"போகட்டும். இத்தனை வருஷத்துல ஒருநாள் வாசல் தெளிச்சிருப்பாங்களா?"

அதற்கப்புறம்தான் கஷ்டம். பிசியோதெரபி செய்கிற பெண், விரல்களால் சுவரில் ஏறச் சொன்னாள், சிலந்தி மாதிரி, ஒவ்வொரு விரலாக. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு. அடுத்த நாள் அதற்கு மேல் ஒரு கோடு. சில நாள் கோடு கீழே இறங்கியது. அன்றைக்கு நாத்தனார், "அண்ணி, சுவருக்கு வெள்ளையடிக்கணும், சீக்கிரம் மேல போங்க" என்று கத்துவாள். பதிலுக்குக் கெட்ட வார்த்தை வரும். கெட்ட வார்த்தை வருகிற வரைக்கும் பயமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ரத்தத்தில் ஈயம் ஒவ்வொரு பரிசோதனையிலும் இறங்கியது. மணிக்கட்டு, நீர் ஊற்றிய தண்டாக, நிமிரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து நிமிர்ந்தது.

ஒருநாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால், "வந்து உட்காருடி" என்றாள் குண்டக்கா.

"நானா? வாடிக்கைக்காரிங்க யாரும் கிடைக்கலையா?"

"அவங்க தலைய வச்சுப் பழக முடியுமா? உன்னோடதுன்னா கெட்டாலும் யாரும் கேட்க மாட்டாங்க."

நாத்தனார் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்த்தாள். இடது கை உதவிக்கு வரவில்லை. வலது கை தன்பாட்டில் எழுந்தது. தோள் உயரம். காது உயரம். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. கத்தரி பிடரியில் இறங்கியபோது அது நடுங்குகிறதா என்று கவனிக்கத்தான் நாத்தனார் நினைத்தாள். ஆனால் கண்ணீர் மறைத்துவிட்டது.

"அழுதா தோள் குலுங்கும். கோணலாப் போகும்" என்றாள் குண்டக்கா.

கோணலாகத்தான் போயிற்று. மறுபடி சரிசெய்தாள். அது இன்னும் குட்டையாயிற்று. அந்த வாரம் முழுக்க நாத்தனார் தலையில் துணி கட்டிக்கொண்டு புருவம் திருத்தினாள். அடுத்த மாதம் குண்டக்கா முழுநாள் நின்று வெட்டினாள். மூட்டு உருண்டையில் விழுந்த கீறல் கீறல்தான், குளிர்ந்த காலையில் தோள் கொஞ்சம் முனகும். ரத்தத்தை இன்னும் அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பேர் மட்டும் மாறவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாமலே குண்டக்கா.

அந்த ஆபரேஷனில் கூட இருந்த நர்ஸ், பல மாதம் கழித்து, புருவம் திருத்திக்கொள்ள வந்தாள். குண்டக்கா துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்த நேரம். நூல் பட்டதும் நர்ஸ் துள்ளினாள்.

"ஆஸ்பத்திரியில ஊருக்கெல்லாம் ஊசி போடுறீங்க, ஒரு நூலுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்களே" என்று நாத்தனார் வாரினாள்.

"எல்லாரும் உங்க அண்ணியா?" என்றாள் நர்ஸ்.

"அவங்களுக்கென்ன, தோள மரக்கவச்சு ராணி மாதிரி உட்காரவச்சு எடுத்தீங்க."

நர்ஸ் கண்ணைத் திறந்து பார்த்தாள். "உங்களுக்குச் சொல்லவே இல்லையா அவங்க?"

பிறகு சொன்னாள். குண்டு நழுவின நேரம் குண்டக்காவின் நாடித்துடிப்பு திடீரென்று ஏறியிருக்கிறது. வலிக்கிறதா என்று மயக்க டாக்டர் குனிந்து கேட்டார். "இல்ல டாக்டர், பயம். படத்தப் பார்த்தா பயமா இருக்கு" என்றாள். தோள் அசையவில்லை. கால்மாட்டில் நின்ற நர்ஸ் மட்டும், போர்வைக்குக் கீழே கால்விரல்கள் பத்தும் சுருண்டு கிடந்ததைப் பார்த்தாள். அவள் வாயெடுக்கப்போக, குண்டக்கா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அதற்குள் குண்டு வெளியே வந்துவிட்டது. முடிந்தபின் மரப்பு எதுவரைக்கும் இருக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தோளின் பின்பக்கத்தில், ஊசி குத்திய, துளையைப் பெரிதாக்கிய அந்த இடத்தில், மரப்பு பாதியிலேயே விட்டுப்போயிருந்தது. மயக்க டாக்டர் அவளைத் திட்டினார், மூட்டு டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"'சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போமே'ன்னு மூட்டு டாக்டர் கேட்டாரு" என்றாள் நர்ஸ். "'அதுக்குத்தான் டாக்டர் சொல்லல'ன்னாங்க."